கோட்டை வாசலில் நீல வட்டம்

பச்சைப் புளியமரத்தை வெட்டினால் ஒரு துவர்ப்பு வாசனை கிளம்பும். அது எங்கள் தெருவுக்குள் வந்து சேர்ந்தபோது நான் வீட்டு வாசலோரம் தென்னங்கீற்றுக் குடிசைக்குள் உட்கார்ந்து, பிரான்ஸ் தேசத்துக் கோட்டை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயதுக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தாய்மாமன் கட்டிய அந்தக் குடிசையில் தனித் தட்டு, தனிப் பாய். அத்தை வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் வீட்டுக்குள் போக முடியும். எனக்கு இருந்ததோ ஒரே அத்தை, அவளும் கடல் தாண்டி இருந்தாள்.

அப்பாவின் ஒரே தங்கை அவள். பாண்டிச்சேரி மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அவர், வேலை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த நாட்டின் ஏதோ ஒரு பட்டிக்காட்டில் குடியேறிவிட்டார். அங்கிருந்து வந்த படத் தபால்தான் என் கையில் இருந்தது. கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி வளைகிற மாதிரி ஓர் ஆறு, மேலே மலை, மலைமேல் நான்கு கோபுரங்களோடு கோட்டை, அதன் காலடியில் கல்வீடுகள். கோட்டை வாசலருகே அத்தை நீல மையில் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தாள். பின்பக்கம், “வட்டம் போட்ட இடத்தைப் பாருங்கள், மற்றதை நேரில் சொல்கிறேன்” என்று எழுதியிருந்தாள்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? அத்தை கோட்டையில் குடியிருக்கிறாள் என்று வீடே முடிவு கட்டிவிட்டது. அப்பா அந்தப் படத்தைச் சங்கராபுரம் டீக்கடைவரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். நான் வகுப்பு முழுக்கச் சொல்லி, நான் வயதுக்கு வந்தால் கோட்டைக்காரி வந்துதான் தண்ணீர் ஊற்றப்போகிறாள் என்று பீற்றிக்கொண்டும் ஆயிற்று. அம்மா ஒருத்திதான் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுருங்குவாள். “இம்மாம் பெரிய ஊர்ல ஒரு ஆளக்கூட காணோமே. ஒரு கோழி, குஞ்சுகூட இல்ல. யாராண்ட பேசுவா அவ?” என்பாள்.

நான் வயதுக்கு வந்து குடிசையில் குந்தியதும் அத்தைக்குத் தந்தி போயிற்று. பதினோராம் நாளுக்கு வந்துவிடுகிறேன் என்று பதிலும் வந்தது. ஆனால் எங்கள் ஜனங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதாம் நாள் காலையிலேயே சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட ஊர் ஆண்கள் கோடாலியோடு கிளம்ப, முதல் ஆளாகப் போனவர் அப்பா. பஸ் இல்லை, தபால் இல்லை. அத்தை விழுப்புரம்வரை வந்துவிட்டாள், அதற்கு மேல் வழியில்லை என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் போயிற்று, பன்னிரண்டாம் நாளும் போயிற்று. குடிசையின் கீற்றுகள் காய்ந்து சரசரத்தன. பங்காளி வீட்டுப் பெண் யாராவது ஊற்றினால் ஆகாதா என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். ஆகாது என்று நான் உள்ளேயிருந்தே கத்தினேன். எவளோ ஒருத்தி சொம்பைத் தூக்கினால் பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? அப்பா தெருக்கோடிக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டாள்:

“தங்கச்சி வர்ற ரோட்டுல நீங்களே மரத்த வெட்டிப் போட்டுட்டு, இன்னும் காணோமேன்னு எட்டி எட்டிப் பாத்தா இன்னாங்க அர்த்தம்?”

பதினான்காம் நாள் மதியம் அத்தை வந்தாள். தியாகதுருகம்வரை யாரோ ஏற்றிவந்து விட்டார்களாம், அங்கிருந்து நடை. கையில் செருப்பு, காலெல்லாம் கொப்புளம், தலையில் புளிய இலை. கோட்டைக்காரி இப்படியா இருப்பாள் என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தபடி, “நீ வெட்டுனது எதுண்ணே?” என்றாள். பால்வாடிக்கு எதிரில் நின்றது என்று அப்பா தலைகுனிந்து சொன்னார். “அதத்தான் தாண்ட முடியல. அடியில பூந்து வந்தேன்” என்றாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அத்தை தண்ணீர் ஊற்றி, புதுப்பாவாடை கட்டி என்னை வீட்டுக்குள் அழைத்துப்போன பிறகு, அம்மா வெந்நீரும் மஞ்சளும் வைத்து அவள் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் படத்தை நீட்டி, கோட்டைக்குள் உங்கள் அறை எது என்று கேட்டேன். அத்தைக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“ரூமா? நல்லாப் பாருடி. வட்டத்துக்குள்ள செவுத்துல ஒரு துடப்பம் சாத்தி இருக்கும். அது என்னுது. கோட்டையப் பெருக்கறது நாந்தான்.”

படம் எடுக்க வந்தவர்கள், அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார்களாம். துடைப்பத்தை எடுக்க எல்லோருக்கும் மறந்துபோயிற்றாம். தான் இல்லாவிட்டாலும் தன் துடைப்பம் படத்தில் விழுந்துவிட்டதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கோ உடம்பெல்லாம் கூசிற்று. அம்மா மட்டும் அவள் காலைத் துடைத்தபடி நிம்மதியாக, “அப்போ ஊர்ல ஆளுங்க இருக்கறாங்க” என்றாள். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் நான் கோட்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இப்போது அந்தச் சாலையில் புளியமரம் ஒன்றுகூட இல்லை. மறியலில் போனது போக மிச்சத்தைச் சாலையை அகலமாக்கும்போது எடுத்துவிட்டார்கள். அத்தை அந்தக் கோட்டை ஊரின் ஆற்றங்கரையிலேயே மண்ணாகிவிட்டாள், அப்பாவும் இல்லை. அன்று மரம் வெட்டிப் போட்டுக் கேட்ட பங்கில்தான் எனக்கு அரசு வேலை கிடைத்தது. அதை நான் மறைத்ததும் இல்லை, மறந்ததும் இல்லை.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பிரிவு உபசார விழா நடந்தது. முன்வரிசை நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். படம் எடுக்கும்போது, அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் செல்வி ஓரத்தில் நின்றிருந்தாள். “கொஞ்சம் தள்ளிக்கம்மா” என்று யாரோ சொன்னார்கள் என்று எழுதத்தான் ஆசை. சொன்னது நான்தான்.

படம் பிரேம் போட்டு வந்து சுவரில் தொங்குகிறது. பதினாறு பேர் சிரிக்கிறோம். எங்களுக்குப் பின்னால் தூணில் சாத்தியபடி செல்வியின் துடைப்பம். தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பவளும் அவள்தான். நான் இன்னும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.