ஏணிக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு

இது பட்டப்பகலில் நடந்தது. நான் குடித்திருக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். எனக்கே நடந்ததால் சிரிக்க முடியவில்லை. பயம்கூடப் பரவாயில்லை. வெட்கம்தான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

என் பெயர் செல்வகுமார். திண்டிவனத்தில் வீடு. அரிசி ஆலைகளில் நெல் அவிக்கிற பாய்லருக்குப் போகும் தண்ணீரைப் பரிசோதிப்பது என் வேலை. ஆலைகளில் என்னைத் "தண்ணி சார்" என்பார்கள். தண்ணீரில் மருந்து விடுவேன். நீலமானால் உப்புப் படியாது. ரோஸ் ஆனால் மோசம். ஆனால் நீலத்தை மட்டும் நம்பக் கூடாது. காற்று கலந்த, சூடாக்காத தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால், உள்ளே இருக்கும் இரும்புக் குழாயைத் துரு குழி குழியாகத் தின்றுவிடும். அது என் மருந்தில் தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, மேல் மூடியைக் கழற்றி, நான் உள்ளே போய்ப் படுத்துத்தான் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் ஒருநாள் குழாய் வெடிக்கும். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவன் வெந்துபோவான். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாய்லருக்குள் இறங்குகிறவன் செருப்பை ஏணிக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவான். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் மூடியைத் தொட மாட்டார்கள், தீ போட மாட்டார்கள்.

போன மாசி மாதம். கிளியனூர் பக்கம் ஓர் ஆலை. முதலாளி தேவநாதன். பாய்லரை அணைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் விழுப்புரத்தில் என் மச்சானுக்கு நிச்சயதார்த்தம். அதனால் புது வெள்ளைச் சட்டையில் போயிருந்தேன். மணி 12.40. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கொட்டகையில் ஈ காக்கை இல்லை.

டொக்... டொக்... டொக்...

பாய்லருக்கு உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம். ஏணிக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வலது செருப்பின் வார் அறுந்து, பச்சை ஒயரால் கட்டியிருந்தது. துரு தட்ட ஆள் இறங்கிவிட்டான், நம் சட்டை தப்பித்தது என்று நினைத்தேன்.

"யாருப்பா உள்ள?"

சத்தம் நின்றது.

"சவுரிராயன் சார்."

"உள்ள எப்படி இருக்குது?"

"பின்னாடி கடைசி ட்யூபு... குழி வுழுந்துக்குது சார். வெரலு போவுது. வந்து பாருங்க."

"நீ பாத்தா போதும்பா."

"இல்ல சார். நீங்க வந்து பாருங்க."

அப்போதுதான் கவனித்தேன். உள்ளே விளக்கு கொண்டுபோக ஒரு ஒயரும் போகவில்லை. அந்தக் கும்மிருட்டில் இவன் எப்படிக் குழியைப் பார்த்தான்?

ஏணியில் கை வைத்தேன். சுட்டது.

மூன்று நாளாக ஆறிய பாய்லர்... நிழலில் நிற்கிற ஏணி...

டொக்...

"சார்... வாங்க சார்..."

குரல் உள்ளேயிருந்து வரவில்லை.

என் முதுகுக்குப் பின்னால்...

ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே வல்லரசு வந்துகொண்டிருந்தான். அந்த பாய்லரை ஓட்டுகிறவன் அவன்தான்.

"இன்னா சார், இப்டி ஓடியார்றீங்க?"

"உள்ள சவுரிராயன்னு ஒருத்தன்..."

"அப்டி இங்க யாரும் இல்லியே. மூடியே நாளிக்குத்தான் சார் கழட்டப் போறோம்."

இருவரும் திரும்பிப் போனோம். செருப்பு இல்லை. வல்லரசு ஏணியில் ஏறிப் பார்த்தான். மூடி மூடியபடி இருந்தது. போல்ட் ஒன்றுகூட அசையவில்லை.

"வெயிலு சார்," என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். தண்ணீரை மட்டும் பார்த்தேன். நீலம்.

மறுநாள் நான் போகவில்லை. தேவநாதன் போன் செய்தார்.

"மூடிய கழட்டி வச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கோம். ஊறப்போட்ட நெல்லு நாறுது. வர்றீங்களா இல்லியா?"

"தண்ணி நீலம்ங்க. உள்ள பாக்கவே வேணாம். மூடிட்டு தீ போடுங்க."

கடைசிக் குழாயைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேய் சொன்னது என்று சொல்ல வேண்டியதில்லை, நான் சொன்னதாகவே சொல்லியிருக்கலாம். மூடி திறக்கும் முன்னே உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களோ, வல்லரசு பார்த்துச் சிரிப்பானோ என்று கூச்சம். அவ்வளவுதான். அந்தக் கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

பங்குனியில் குழாய் வெடித்தது. கடைசிக் குழாய்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வல்லரசு என்றுதான் நினைத்தேன். ஆனால் வல்லரசு வராந்தாவில் முழுசாக நின்றிருந்தான்.

"நான் வேற எடத்துக்குப் போய்ட்டேன் சார். எனக்குப் பதிலா வந்த ஆளு. வளவனூரு. வந்து பத்து நாளுகூட ஆவல."

"பேரு?"

 அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த பெண்தான் சொன்னாள். அந்தப் புது ஆளின் மனைவி, லூர்துமேரி.

"சவுரிராயன்ங்க. விடியக்காலையில போய்ட்டாருங்க."

அவள் மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்கு வெளியே ரப்பர் செருப்பு நீட்டிக்கொண்டிருந்தது. வார் அறுந்து... பச்சை ஒயர்...

"இந்த ஒயரு... எப்பம்மா கட்டினது?"

"வெடிச்ச அன்னிக்கிக் காலையிலதாங்க. வேலைக்குக் கெளம்பச்சொல்ல வாரு அறுந்துபோச்சு. நான்தான் கட்டிக் குடுத்தேன்."

 சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க யாருங்க?" என்றாள்.

ஆலைக்கு நெல் போடுகிறவன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.