நாற்பதாவது அடுப்பு

அடுப்பின் மேல் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அந்த அம்மாள் எழுதுவார். வீட்டுக்காரர்களிடம் நலம் விசாரிப்பதுகூட அதற்கு அப்புறம்தான். தன் வீட்டில் காப்பி கொடுத்தாலும் அதன் மேலே கையை நீட்டுகிறாராம். கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

குடிநீர்த் திட்டத்துக்குத் தகுதி பார்க்கும் கணக்கெடுப்பாளர் அவர். ஒரு குடியிருப்பில் நாற்பது குடும்பமாவது இருந்தால்தான் அரசாங்கம் குழாய் போடும். குடும்பம் என்றால் கூரைக் கணக்கல்ல, தனிச் சமையல். அதுவும் பார்க்கப் போகிற நாளில் எரிந்த அடுப்புதான் கணக்கு. போன இடமெல்லாம் 'அடுப்பம்மா' என்று பேர் வாங்கிவிட்டார். எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "சண்டை போட்டுப் பிரிஞ்சாலும் ஊருக்கு நல்லதுதான் சார், எண்ணிக்கை ஏறுதுல்ல" என்பார், சிரிக்காமல்.

போன வாரம் நானும் கூடப் போனேன். பெண்கள் மூன்று கிலோமீட்டர் நடந்து தண்ணீர் சுமக்கிற இடம். கணக்கு முப்பத்தொன்பதில் வந்து நின்றது. மிச்சமிருந்தது கடைசி வீட்டின் இரண்டாவது அடுப்பு. அங்கே ஓரகத்திகள் இரண்டு பேர், ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள், நாலு நாளைக்கு முன்புதான் சமாதானமாகி ஒன்றாகச் சமைக்கத் தொடங்கியிருந்தார்கள். இளையவளின் அடுப்பு சில்லென்று இருந்தது. அந்தச் சமாதானத்தின் மீது எனக்குக் கோபமே வந்தது.

"எரியறதா எழுதிக்கக் கூடாதாம்மா?" என்றாள் மூத்தவள்.

"எரியாத அடுப்பை எழுத எனக்குக் கை வராதுக்கா."

வாசலில் நின்ற பெண்கள் இடுப்புக் குடத்தைக் கீழே இறக்கி வைத்தார்கள். அடுத்த கணக்கெடுப்பு மூன்று வருடம் கழித்துத்தான். இளையவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பத்தான் சேந்தோம். இதுக்காக மறுபடி பிரியணுமா?"

"யாரு பிரியச் சொன்னா? தனித்தனியா சமைச்சு, சேந்து உக்காந்து சாப்பிடுங்க. சாப்பாட்டைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல."

மூத்தவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன் அடுப்பிலிருந்து எரிகிற விறகு ஒன்றை உருவிக்கொண்டு இளையவளின் பக்கம் போனாள். அங்கே இருந்தது ஈர விறகு, புகைந்ததே தவிரப் பற்றவில்லை.

தெருமுனையில் கடைசி பஸ் ஹாரன் அடித்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அடுப்பம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்தார்.