சுவருக்கு அந்தப் பக்கம் அழுதவன்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மார்வெல் ஊர் தேவாலயக் கூடத்தில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்ததும், கிளெனிஸ் ஹாதர்லி பக்கத்துச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மனைவியை அடித்ததற்காக, திருந்துவதற்கான இந்தக் குழுவுக்கு நீதிமன்றம் அனுப்பிவைத்த ஆண்கள் அவர்கள். அவர்களுடைய மனைவிமாருக்குப் போன் போட்டுப் பேசுவது அவள் வேலை. கணவன் எங்கே இருக்கிறான் என்று அந்தப் பெண்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த நேரம் அது ஒன்றுதான்.

முன்பு சூப்பர் மார்க்கெட் கல்லாவில் நின்றவள் கிளெனிஸ். புருஷன் இறந்தபின் படித்து இந்த வேலைக்கு வந்தாள். சமையலறைச் சுவர் மெலிசு. ஒரு காதில் கணவனின் குரல், மறு காதில் மனைவியின் குரல். நடுவில் நிற்கும் அவள் இரண்டு பக்கமும் எதையும் கொட்ட முடியாதவள்.

அன்று சுவருக்கு அந்தப் பக்கம் வேட் அழுதுகொண்டிருந்தான். குழுவின் செல்லப்பிள்ளை அவன்.

"கோபம் வந்தா வெளிய போயிடுறேன் டெஸ். ஒரு நடை நடந்துட்டு வர்றேன். கை ஓங்கறதே இல்ல."

"நல்லது வேட்" என்றார் குழுவை நடத்தும் டெஸ்மண்ட். கோபம் ஏறினால் சண்டையை விட்டு வெளியே போ, ஆறியதும் திரும்பி வா என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

போனில் கார்லீன், அதே வேட்டின் மனைவி, ரகசியம் போலப் பேசினாள்.

"போறாருதான் கிளெனிஸ். போகும்போது என் கார் சாவி, என் போன் ரெண்டையும் எடுத்துட்டுப் போறாரு. நான் மன்னிப்பு கேக்கற வரைக்கும் வரமாட்டாரு. பிள்ளைங்களோட வீட்டுல அடைஞ்சு கெடக்கறேன். கேட்டா, 'டெஸ் சொல்லிக் குடுத்ததத்தானே செய்யறேன்'ங்கறாரு."

மருந்தென்று கொடுத்ததே விஷமாகிவிட்டதே!

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா தொலைஞ்சேன்" என்றாள் கார்லீன்.

"உன் பேரு வெளிய வராது கண்ணு."

எல்லோரும் போனபின் அவள் டெஸ்மண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்னு கேக்காதீங்க டெஸ். வெளிய போறேன்னு சொல்றவன் எதையெல்லாம் கூட எடுத்துட்டுப் போறான்னு என்னிக்காவது கேட்டிருக்கோமா? ஒழுங்கா வர்றான், அழகா அழுவுறான்னு கோர்ட்டுக்கு எழுதி அனுப்பறோம். வீட்டுல என்ன நடக்குதுன்னு யாரு எழுதறது?"

டெஸ்மண்ட் குறிப்பேட்டைத் திறந்து அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார். அவரும் நல்ல மனிதர்தான். நன்றாக அழுகிறவர்களை நம்பிவிடுகிற நல்ல மனிதர்.

அடுத்த வாரம் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், ஒவ்வொருவரையும் சுற்றிவரக் கேட்டார். "வெளிய போறப்ப காரு சாவி யாருகிட்ட இருக்கும்? உங்க வீட்டம்மா போனு எங்க இருக்கும்?"

கிழட்டு லாரி டிரைவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "என் பாக்கெட்டுலதான் இருக்கும். அதுல என்ன தப்புன்னு இப்பத்தான்யா உறைக்குது."

வேட்டின் குரல் தேனாக வந்தது. "சே, அது அநியாயம். நான் இனிமே மேசையிலயே வச்சிட்டுப் போறேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் கிளெனிஸ் கண்ணை மூடி, கடவுளே என்று மூச்சு விட்டாள்.

அதற்கடுத்த செவ்வாயன்று கார்லீன் அழவில்லை. அதுதான் கிளெனிஸைப் பயமுறுத்தியது.

"சாவியை மேசையிலயே வச்சிட்டுப் போனாரு, போனையும்தான். நானும் நம்பி, பிள்ளைங்கள ஏத்திட்டு வண்டிய எடுத்தேன். அசையல. பேட்டரி வயரைக் கழட்டி வச்சிருக்காரு."

"அடப்பாவி!"

"கேளுங்க கிளெனிஸ். இத்தனை வருஷமா அவருக்குக் கோபம் வந்தா கண்ணு தெரியாது, பாவம்னு நெனச்சேன். கண்ணு தெரியாதவன் ஸ்பானர் எடுத்து நிதானமா வயரைக் கழட்டுவானா? இது கோபமே இல்ல. நான் கெளம்பறேன். யாரம் ஊருல இருந்து அக்கா அவ கார்ல வந்துட்டா, வாசல்ல நிக்கறா. நான் சொன்னது எல்லாத்தையும் கோர்ட்டுக்கு எழுதுங்க. என் பேரையும் போடுங்க."

கிளெனிஸ் அவளை லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு போனில் போலீசுக்குத் தகவல் சொன்னாள். பிறகு கதவை லேசாகத் திறந்து டெஸ்மண்டைப் பார்த்தாள். அவள் முகமே சொல்லிவிட்டது. அவர் நாற்காலியை இழுத்துக் கூடத்து வாசலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"வேட், போன வாரத்துல இருந்து உன்கிட்ட என்ன மாறியிருக்கு, சொல்லு. அவசரமே இல்ல."

வேட் ஆசையாகப் பேச ஆரம்பித்தான்.

போனில் குழந்தை சிணுங்கியது. அக்காவின் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

இடைவேளை வந்தது. ஆண்கள் தேநீருக்காகச் சமையலறைக்கு வந்தார்கள். வேட் கோப்பையை நீட்டினான், கண்ணோரம் இன்னும் ஈரமாக.

"ரெண்டு சர்க்கரை, கிளெனிஸ். இன்னிக்கு மனசே லேசா இருக்கு."

அவள் சர்க்கரையைப் போட்டாள். நிதானமாகக் கலக்கிக் கொடுத்து, அவனைப் பார்த்துச் சிரித்தாள். அக்காவின் கார் இந்நேரம் யாரம் போகும் மலைச்சாலையில் ஏறியிருக்க வேண்டும். ஏறியிருக்குமா?

"இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கோ வேட்" என்றாள். "உக்காந்து மெதுவா சாப்பிடு."