அந்த ட்ரம்மைத் திறக்காதீங்க, சிஸ்டர்

1. மூடியிருந்த துளை

ஆட்டோகிளேவ் என்ற நீராவிப் பெட்டியிலிருந்து ட்ரம்மை வெளியே எடுத்ததும் அதன் பக்கவாட்டுத் துளைகளை இழுத்து மூட வேண்டும். அன்று மூடப் போனால், அவை ஏற்கெனவே மூடியிருந்தன.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக விளக்கிச் சொல்கிறேன். ஆபரேஷனுக்கான கவுன், துணி, பஞ்சு எல்லாவற்றையும் ஸ்டீல் ட்ரம்மில் அடுக்கி, நீராவியில் வைத்துக் கிருமியைக் கொல்வதுதான் எங்கள் வேலை. உள்ளே வைக்கும்போது துளைகள் திறந்திருந்தால்தான் நீராவி துணிக்குள் போகும். நான் திறக்க மறந்துவிட்டேன். ஆனால் வெளியே ஒட்டியிருந்த, சூடு பட்டால் நிறம் மாறும் டேப்பில் கறுப்புக் கோடு அழகாக விழுந்திருந்தது. டேப்புக்கு வெளிச்சூடு மட்டும்தானே தெரியும்! பார்க்கிற யாருக்கும் அது சுத்தமான ட்ரம். உள்ளே இருப்பது வெறும் துவைத்த துணி என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, அரிமளத்திலிருந்து வந்த ஓர் அம்மா கர்ப்பப்பை ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தார். முந்தின மாதம்தான் லேப்பில் ஒரு பெண்ணைச் சின்னத் தவறுக்காக வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வாயைத் திறந்தால் என் வேலை போகலாம். திறக்காவிட்டால் அந்த அம்மாவின் வயிற்றுக்குள் என்ன போகும் என்று சொல்ல முடியாது.

2. பன்னிரண்டாவது ஃபெயில்

எங்கள் வீட்டில் அண்ணன் இன்ஜினியர், தங்கை டீச்சர். நான் பன்னிரண்டாவது ஃபெயில். விருந்தாளிகள் கேட்டால், "செல்வி சும்மா ஆஸ்பத்திரில ஏதோ பாக்குறா" என்பார் அம்மா. அந்த 'ஏதோ'வை நானும் நம்பிவிட்டேன். ஒருமுறை ஒரு லோடு வீணானபோது, கூசாமல் கரண்ட் மேல் பழியைப் போட்டவள் நான்.

ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின், பிஷப் தலையில் கை வைத்து ஜெபிக்கும் திடப்படுத்தல் சடங்குக்குக்கூட நான் சர்ச்சுக்குப் போகவில்லை. தகுதி உள்ளவர்களுக்குத்தான் அது என்று தள்ளிப் போட்டுப் போட்டு, முப்பத்து நாலு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முதல் நாளே போதகரிடம், "இதுல ஃபெயிலாயிட்டா என்ன பண்ணுவீங்க, ஐயா?" என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இதுல பரீட்சையே இல்லம்மா. ஒங்கள வேணும்னு ஆண்டவரு என்னைக்கோ எடுத்துட்டாரு. அதுக்கு நீங்க ஆமென் சொல்றீங்க. அவ்வளவுதான்."

பிஷப் வந்த அன்று பீடத்தின் முன் முழங்காலிட்டேன். அவர் என் தலையில் கை வைத்து, பெயர் சொல்லி ஜெபித்தார். என் பெயரைக் குறை சேர்க்காமல் யாரும் அதற்கு முன் சொன்னதாக நினைவில்லை. திருக்கோகர்ணத்தில் இருந்த வீடு வரைக்கும் டவுன் பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். கண்டக்டர் பாவம், சில்லறைக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

ட்ரம் சம்பவம் அதற்கு அடுத்த வருஷம்.

3. தியேட்டர் வாசல்

"எங்கிட்டு போன செல்வி? டாக்டர் கையக் கழுவப் போறாரு. குடு" என்று தியேட்டர் சிஸ்டர் கை நீட்டினார்.

"அந்த ட்ரம்மத் தெறக்காதீங்க, சிஸ்டர். ஸ்டெரைல் ஆகல."

"டேப்பு மாறியிருக்கே?"

"ஹோலத் தெறக்காமலே வச்சுட்டேன். தப்பு என்னுதுதான்."

பின்னால் நின்ற டாக்டர் கேட்டுவிட்டார். "என்ன வேலை பாக்குறீங்க நீங்க? ஒரு அம்மா நேத்துலேர்ந்து பட்டினியாக் கெடக்காங்க!" என்று வார்டு வரைக்கும் கேட்கக் கத்தினார். நியாயமான கோபம். என் குரல் நடுங்கவில்லை. எனக்கே அது ஆச்சரியம்தான்.

"மறுபடி லோடு போடுறேன், டாக்டர். ஒரு மணி நேரம் ஆகும். அந்த அம்மாகிட்ட நானே போய்ச் சொல்லிர்றேன்."

நல்லவேளை, மயக்க ஊசி போட்டிருக்கவில்லை. அந்த அம்மாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு மணி நேரந்தானே தாயி? இந்தத் தடவ நல்லா வெந்துச்சான்னு பாத்து எடுத்துட்டு வா" என்றார்.

பார்த்துத்தான் எடுத்தேன். ஏழாம் நாள் தையல் பிரித்தபோது புண்ணில் ஒரு சொட்டுச் சீழ் இல்லை. ஆனால் ஆபரேஷனுக்கு மறுநாளே டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். வேலை போனது என்றே நினைத்துப் போனேன்.

"இனிமே ஒவ்வொரு ட்ரம்முக்குள்ளயும், நீராவி பட்டா நெறம் மாறுற ஒரு இண்டிகேட்டர் ஸ்ட்ரிப் வைக்கணும். அந்த ரூமுக்குச் செல்விதான் இன்சார்ஜ். அவங்க சரின்னு சொல்லாம நான் கத்தியத் தொட மாட்டேன்."

ரிட்டயர் ஆகும்வரை அந்த அறை என் பொறுப்பில்தான் இருந்தது. அதன்பிறகு என் வேலையைச் 'சும்மா ஏதோ' என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

பிள்ளைகளே, துளையைத் திறங்கள், ஸ்ட்ரிப் வையுங்கள். அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் இன்சார்ஜ் ஆனதை என் வெற்றியாக நினைக்காதீர்கள். அன்று டாக்டர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும், ஆண்டவர் வேணும் என்று எடுத்த செல்வியாகத்தான் நான் பஸ் ஏறியிருப்பேன். அது தெரிந்ததால்தான் எனக்கு வாய் திறந்தது.