குறைந்து வந்த கரண்ட் பில்

கல்யாணத்துக்கு முன்பு அவளுக்கும் ஒரு நல்ல பெயர் இருந்தது. கல்யாணமான முதல் மாதமே அவள் கணவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘மீட்டர்’ என்று வைத்துவிட்டார். அவர் டாக்சி ஓட்டியவர். "வண்டிக்குள்ள ஒண்ணு, வீட்டுக்குள்ள ஒண்ணு. வண்டியில இருக்கிறதாவது சவாரி இறங்கினா நிக்கும்" என்பார்.

அவள் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளதைச் சொன்னால் கோபித்து என்ன ஆகப்போகிறது? சம்பளம் வந்த அன்றே கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பழைய தபால் உறைகளில் பணத்தைப் பிரித்துப் போடுவாள். வாடகைக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, கேஸுக்கு, கரண்டுக்கு, மளிகைக்கு, மருந்துக்கு. கேஸ் உறையிலிருந்து மளிகைக்கு ஒரு காசு நகராது, மகாராஜாவே வந்து கெஞ்சினாலும் நகராது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால், குளித்துக்கொண்டிருந்தாலும் உள்ளேயிருந்தே கத்துவாள்: "யார் அங்க லைட்டை எரிய விட்டது?" வீட்டில் இருப்பதே இரண்டு பேர். குற்றவாளியைத் தேடும் சிரமமே கிடையாது.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்குள்தான் அந்த ஆக்சிஜன் மெஷின் வந்து சேர்ந்தது. அவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. நாலு அடி நடந்தால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் கர்கர் என்று ஓட, அதிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்கு வரும். டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: "குளிக்கிற நேரம் தவிர முழுக்க ஓடணும். இப்போ நல்லாத்தானே இருக்கு, போதும்னு நீங்களா நிறுத்தினா இதயம் தாங்காது. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

அடுத்த கரண்ட் பில் வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றிலும் கை வைத்தாள். கேபிள் டிவியை வெட்டினாள். இஸ்திரிப் பெட்டியைப் பரணில் ஏற்றினாள். பஸ்ஸை விட்டுவிட்டு வேலைக்கு நடந்தாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்தக் கரண்ட் உறையை எப்படியோ நிரப்பினாள்.

கை வைக்காதது ஒன்றே ஒன்றுதான். தெருக்கோடி ஷெட்டில் அவருடைய டாக்சி நின்றது. ஷெட்டுக்கு வாடகை, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் என்று, ஓடாத வண்டிக்கு இரண்டு தண்டச் செலவு. "உடம்பு தேறினதும் எடுத்துடுவேன்" என்பார் அவர். "பின்னே?" என்பாள் அவள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், ஒரு தடவை பில் சடாரென்று குறைந்து வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தப்பாக அடித்துவிட்டார்களோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சும்மா இருப்பாளா? பெருமையாகக் காட்ட, தான் வேலை பார்க்கும் கம்பெனிக்கே கொண்டு போனாள்.

அவள் வேலை சட்டைக் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுவது. பக்கத்து மேஜையில் பட்டன் ஓட்டை போடுகிறவளை எல்லோரும் காஜா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டீ நேரத்தில் அவளிடம் பில்லை நீட்டினாள்.

"பாரு அக்கா! எல்லாத்தையும் கட்டுப்படுத்தினேன் பாரு, எப்படி இறங்கியிருக்கு!"

காஜா அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தாள். "அடேயப்பா! ஆமா, இஸ்திரிப் பெட்டியை எல்லாம் போன வருஷமே நிறுத்திட்டேன்னியே. இப்போ புதுசா எதை நிறுத்தின?"

"இப்போவா? இப்போ ஒண்ணும்..."

"ராத்திரி பகலா அந்த மெஷின் வேற ஓடுதுன்ன. அப்புறம் எப்படிடீ குறையும்?"

அவள் கத்தரிக்கோலை மேஜையிலேயே போட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் பாதி சொல்லி, பாதி சொல்லாமல் வெளியே ஓடினாள். வருஷக்கணக்கில் கைகாட்டாத ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்தாள்.

மாடிப்படியில் கால் வைக்கும்போதே மெஷின் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. கதவைத் தள்ளினாள். அவர் ஜன்னலோர நாற்காலியில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. மெஷின் மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன மீட்டர்... கம்பெனியை... மூடிட்டாங்களா?"

அவள் துண்டை வீசினாள், சுவிட்சைப் போட்டாள், குழாயை அவர் மூக்கில் மாட்டினாள்.  அவர் உதட்டில் நிறம் திரும்புகிறவரை நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம்தான் ஒரு பிடி பிடித்தாள்.

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"நீ வேலைக்குப் போனதும் நிறுத்துவேன். வர்றதுக்கு முன்னாடி போட்டுடுவேன்."

"செத்துப் போயிருந்தா? நான் சாயங்காலம் வந்து பார்க்கிறதா? பில்லு ஏறிப்போச்சுன்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லல. உச்சுக் கொட்டின."

"பால் பொங்கினாக்கூடத்தான் உச்சுக் கொட்டுவேன்! அதுக்கு மூச்சை நிறுத்திக்குவீங்களா? எனக்கு மிச்சம் பிடிச்சுக் குடுங்கன்னு நான் கேட்டேனா?"

அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உனக்காகன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும். பொய் சொல்ல மூச்சு இல்ல. வண்டிக்காகத்தான். எல்லாத்துலயும் கை வச்சுட்ட. மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். இன்னொரு பில்லு ஏறினா அடுத்தது வண்டிதான்னு எனக்குத் தெரியும். அதுவும் போயிட்டா நான் யாரு? மூக்குல குழாயை மாட்டிக்கிட்டு மூலையில கிடக்கிற ஒரு ஆளு."

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. தனக்காகச் செய்தார் என்றாலாவது திட்டி அழுது ஆற்றிக்கொள்ளலாம். ஒரு பழைய டாக்சிக்காகத் தன்னைத் தனிமரமாக்கப் பார்த்திருக்கிறாரே மனுஷன்! அதே நேரத்தில், ஒவ்வொரு பில்லுக்கும் தன் வாயிலிருந்து வந்த அந்தச் சின்னச் சத்தத்தை இந்த அறையில் அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்தாள்.  தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவர் தடுக்கவில்லை.

அழுகை ஓய்ந்த பிறகு அவர் சொன்னார். "வித்துடலாம்."

அவள் மூக்கைச் சிந்தினாளே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

"வித்துட்டா மாசம் எவ்வளவு மிச்சமாகும்?"

அவள் சொன்னாள். யோசிக்கவில்லை, விரல் மடக்கவில்லை. ஷெட் வாடகையையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்து, சில்லறை உட்பட, கேட்ட வாய் மூடுவதற்குள் தொகை வந்து விழுந்தது.

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "இது எப்போ போட்ட கணக்கு?"

"மெஷின் வீட்டுக்கு வந்த அன்னிக்கு."

"அன்னிக்கேவா? அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லல? பஸ்ஸுலகூடப் போகாம நடந்தியே!"

"எப்படிச் சொல்றது? சொன்னா, நீங்க இனிமே வண்டி ஓட்டப் போறதில்லன்னு நானும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே."

அவர் நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கி, குழாய் எட்டும் தூரத்தில் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். மெஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வழக்கமாக வேலை முடிந்து வரும் சாயங்கால நேரம் தாண்டியும் அது நிற்கவில்லை.