திரை கறுத்துப்போன காலை

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆவணி மாதத்து மழை நாள் ஒன்றில் நடந்தது இது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சரிவில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் எனக்கு வேலை. ஸ்டோர் என்றால் கடை இல்லை; பறித்த பச்சைக் காயைச் சூட்டறையில் உலர்த்தும் இடம். காய்ந்த காயின் எடையையும் ரகத்தையும் கணினியில் ஏற்றி, மூட்டைக்கு ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுப்பேன். ஐம்பது வயதில் யார் தயவும் இல்லாமல் கணினி கற்றுக்கொண்டவன் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்.

அந்த வாரம்தான் புதுக் கணினி வந்திருந்தது. எங்கள் பழைய சீட்டு மென்பொருள் அதில் ஓடாதாம். அதனால் மாட்டிக் கொடுக்க வந்தவர், புதுக் கணினிக்குள்ளேயே பழைய கணினி ஒன்றைக் குடிவைத்துவிட்டுப் போனார். விர்ச்சுவல் மெஷின் என்றார். எல்லாம் சரி, அதற்குள் எழுத்துகள் எறும்பு ஊர்வது போல இருந்தன. ஆறா எட்டா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தே தலைவலி வந்துவிட்டது.

அன்று சிலமலையிலிருந்து வந்த ஓர் அம்மா இரண்டு மூட்டையோடு காத்திருந்தார். மலையில் அவருக்குச் சின்னதாக ஒரு துண்டுத் தோட்டம். அந்தத் தடவை பறித்தது மொத்தமே அந்த இரண்டு மூட்டைதான். பத்து மணி ஜீப்பில் ஏறினால்தான் அன்றைய ஏலத்துக்குப் போகும். அச்சடித்த சீட்டு இல்லாவிட்டால் அங்கே மூட்டையை இறக்கவே விடமாட்டார்கள்.

"இன்னிக்குப் போயிரும்லண்ணே? இந்த ஈரத்துல கெடந்தா பச்ச நெறம் போயிருமே" என்றார்.

மணி ஒன்பதரை. பேசாமல் எறும்பு எழுத்திலேயே வேலையை முடித்திருக்கலாம். நான்தான் பெரிய நிபுணனாயிற்றே! உள்ளே இருந்த கணினியின் திரை அளவை மாற்றினேன். மொத்தமும் கறுத்துவிட்டது. பதறிப்போய் உடனே அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அது எழுந்து வரப் பத்து நிமிஷம். வந்தால் அதே எறும்புகள். அப்போதும் புத்தி வரவில்லை. வேறோர் அளவைக் கொடுத்தேன். மறுபடியும் கறுப்பு.

வெளியே ஜீப்பு ஹாரன் அடித்தது. அந்த அம்மா மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவமானமாக இருந்தது. மறுபடியும் அணைத்துப் போட்டால் ஜீப்பு போய்விடும். ஆனாலும் கை பட்டனுக்குத்தான் போனது.

சூட்டறையைப் பார்த்துக்கொள்பவர் என்னைவிட இருபது வயது இளையவர். கணினியைத் தொட்டதே இல்லை. அவர் வந்து என் கையைப் பிடித்தார்.

"கைய எடுங்கண்ணே. சூட்டறக் கதவத் தொறந்து தொறந்து பாத்தா காய் எப்பிடிக் காயும்? செத்த நேரம் சும்மா விடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. கணினியும் சூட்டறையும் ஒன்றா? ஆனால் வேறு வழியும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் திரை தானாகவே பழையபடி வந்து நின்றது. அப்புறம்தான் விவரம் தெரிந்தது. அளவை மாற்றியதும், இது போதுமா என்று கணினி கேட்குமாம்; கறுத்த திரையில் அந்தக் கேள்வி என் கண்ணில் படவில்லை. பதினைந்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் தானே பழைய அளவுக்குத் திரும்பிவிடுமாம். முதல் தடவை அது திரும்புவதற்குள் கழுத்தைப் பிடித்து நெரித்தது நான்தான்.

இந்த முறை அடக்கமாக ஒரு படி மட்டும் பெரிதாக்கினேன். எழுத்து தெரிந்தது, கேள்வியும் தெரிந்தது. சம்மதம் சொல்லி, இரண்டு சீட்டையும் அச்சடித்துக்கொண்டு மழையில் ஓடினேன். ஜீப்புக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மூட்டைகளை ஏற்றினார். சாயங்காலம் அந்த அம்மா போன் செய்து, நிறம் நன்றாக இருந்ததாக ஏலத்தில் சொன்னார்கள் என்று சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

இப்போதெல்லாம் என் மகள் கோபத்தில் போனை வைத்துவிட்டால், முன்போல விடாமல் திருப்பித் திருப்பி அழைப்பதில்லை. அரை மணி நேரம் சும்மா இருக்கிறேன். அவளே கூப்பிட்டு, சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கிறாள்.