உரைகல்லில் இழைத்த மாத்திரை

சட்டைப் பொத்தானை வயிற்றில் பூட்ட முடியவில்லை. தொந்தி வந்துவிட்டது என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள், நானும் சிரித்தேன். வீங்கியிருந்தது மண்ணீரல் (இடது விலாவுக்குள் ரத்தத்தைச் சலிக்கும் உறுப்பு). திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்து, என் வயிற்றில் மையால் கோடு போட்டார். எங்கள் பிச்சாட்டூர் மதராசுக்கா ஆந்திராவுக்கா என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். எனக்கு அந்தக் கோடு ஒன்றுதான் கவலை.

நோய், ரத்தப் புற்று (வெள்ளணுக்கள் கட்டில்லாமல் பெருகுவது). ஊசிக்குக் கையை நீட்டினேன். டாக்டரோ சின்ன வெள்ளை மாத்திரைகளைக் கொடுத்தார். புது மருந்தாம், வீட்டிலேயே சாப்பிடலாமாம். ஊசி இல்லாமல் என்ன வைத்தியம் என்று எனக்கு ஏமாற்றம்தான். உங்களுக்கும் அப்படித் தோன்றலாம். மாத்திரைதானே என்ற அந்த இளப்பம்தான் எங்களை மாட்டிவிட்டது.

எனக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது. என் மனைவி செல்லம்மா அதை உரைகல்லில் தேன்விட்டு இழைத்துத் தருவாள். எங்கள் கைக்குழந்தைக்கு வசம்பும் ஜாதிக்காயும் இழைக்கும் அதே கல்.

வீக்கம் வற்றியது. அடுத்த முறை குழந்தையையும் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனோம். மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்டார்.

"இவுருக்கு முழுங்க வராது சார். பாப்பா மருந்து ஒரைக்கிற கல்லுலயே ஒரைச்சிக் குடுத்துக்கினு இருக்கேன்" என்றாள் செல்லம்மா பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரத்தம் ஊறுறதையே அடக்கற மருந்தும்மா இது. கல்லுல ஒட்டினது பாப்பா வயித்துக்கும் போயிருக்குமே."

"கழுவித்தான சார் வெச்சேன்..." என்றாள் செல்லம்மா.

குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். நடைவழியில் காத்து நின்றோம். பாப்பா பாலுக்கு அழுதாள். விரலிலும் மருந்து ஒட்டியிருக்குமோ என்று செல்லம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். என் நோயின் பெயரைக் கேட்ட அன்றுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. எனக்கு வந்தது என்னோடு போகட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

"இப்பத்திக்கி ஒண்ணும் இல்ல. ஆனா மறுபடியும் பாக்கணும்" என்றார் டாக்டர்.

செல்லம்மா அன்றே கல்லைக் கொல்லையில் குழிவெட்டிப் புதைத்தாள். அத்தனை காலம் இறங்காத மாத்திரை, அன்று சாயங்காலம் முழுசாக இறங்கியது. நீங்களும் முழுசாகவே விழுங்குங்கள்.

குழந்தையின் ரத்தத்தை மறுபடி மறுபடி பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. என் நோய் போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது. எத்தனை காலம் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முன்பெல்லாம் அடுத்த போக நெல்லைப் பற்றி யோசிப்பேன். இப்போது அடுத்த மாத்திரை வரைக்கும்தான் யோசிக்கிறேன்.

விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது செல்லம்மாவின் வழக்கம். இப்போது அந்த வேலையைப் பாப்பா பிடுங்கிக்கொண்டாள். புதுப்பல் தெரியத் தன் வாயையும் திறந்துகொண்டு, "நைனா, ஆ" என்கிறாள். அவள் பார்த்து முடிக்கும்வரை நான் வாயை மூடுவதில்லை.